எழுத்தே இல்லாத கல்லுக்கு வயது சொல்வது எப்படி? வழி காட்டிய ழூவோ துப்ராய்... அவரே செய்த சிக்கல்!

கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பொன்னேரி பக்கம் குளம் தூர்வாருகிறார்கள். திருத்தணி பக்கம் பழைய கோயிலைப் பிரித்துத் திருப்பணி செய்கிறார்கள். மண்ணோடு மண்ணாக ஒரு செதுக்கிய கல் துண்டு மேலே வருகிறது. கல்வெட்டு இல்லை, ராஜா பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. இது 1,200 வருஷப் பழசா, 200 வருஷப் பழசா?

பல நேரங்களில் அந்தக் கல் துணி துவைக்கப் போகும், இல்லையென்றால் வேலி ஓரம் போகும். ஆனால் தெரிந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பல்லவர் காலம், இது விஜயநகர காலம் என்று சொல்லிவிடுவார்கள். இப்படி நூற்றாண்டு கணக்கில் வயது சொல்லும் முறையைத் தென்னிந்தியக் கோயில்களுக்கு வகுத்துக் கொடுத்தவர், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக் கல்லூரிப் பேராசிரியர். பெயர் கேப்ரியல் ழூவோ துப்ராய்.

அவர் என்ன கண்டுபிடித்தார், அதை வைத்து ஒரு கல்லை எப்படி அடையாளம் காண்பது, அவர் வாழ்க்கையில் இன்றுவரை தீராத சர்ச்சை எது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ழூவோ துப்ராய்?

1885ல் பிறந்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்த அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தினார். தொல்லியல் அவருக்குச் சம்பளம் தந்த வேலை கிடையாது. கல்லூரி வேலை போக மிச்ச நேரத்தில்தான் ஊர் ஊராகக் கோயில்களைப் பார்த்தார்.

அவர் வாழ்ந்த ஊரே இடம் மாறிய கற்களின் ஊர்தான். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படுகிறது. தூண் இங்கே இருக்கிறது, அது தாங்கிய மண்டபம் இல்லை. அப்படிப்பட்ட கல்லை எப்படிப் படிப்பது என்பதுதான் துப்ராய் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி.

1914ல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய பிரெஞ்சு நூல் பாரிஸில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. முதல் பாகம் கட்டடக்கலை, இரண்டாவது சிற்பங்களின் இலக்கணம். முதல் பாகத்தின் சாரம் 1917ல் சென்னையில் ஆங்கிலத்தில் வந்தது. அதைப் பதிப்பித்தவர் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார்.

அதற்கு முன்னால் என்ன பிரச்னை?

கல்வெட்டு இருந்தால் கோயிலின் வயது தெரிந்துவிடுமே என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்.

கல்வெட்டு பெரும்பாலும் தானக் கணக்கு. விளக்கெரிக்க இத்தனை ஆடு, அமுதுபடிக்கு இவ்வளவு நிலம் என்று இருக்கும். தானம் கொடுத்த வருஷம்தான் அதில் தெரியும், கோயில் கட்டிய வருஷம் தெரியாது. 9ஆம் நூற்றாண்டுக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் தானம் கொடுத்திருக்கலாம். பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டிய வழக்கமும் உண்டு. அப்படியானால் கல்வெட்டு பழசு, சுவர் புதுசு.

இதெல்லாம் கல்வெட்டு உள்ள கோயிலின் கதை. எழுத்தே இல்லாத கோயில்களும், துண்டு துண்டாகச் சிதறிய கற்களும் இதைவிட அதிகம். அவற்றுக்கு வயது சொல்ல ஒரு நிச்சயமான அளவுகோல் இல்லை. தலபுராணம் ஒன்று சொல்லும், ஊர்க்காரர்கள் வேறு ஒன்று சொல்வார்கள்.

அவர் கண்டுபிடித்த வழி என்ன?

கேட்டால் ரொம்ப எளிமையாக இருக்கும். ஒரு கொத்தனார் குடும்பத்தில் அப்பா செதுக்கிய பூவை மகன் கொஞ்சம் மாற்றிச் செதுக்குவார். பேரன் இன்னும் கொஞ்சம் மாற்றுவார். ஒரே நாளில் எதுவும் தலைகீழாக மாறாது. ஆனால் 200, 300 வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பூ அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கும். இந்த மாற்றத்தை வரிசையாக அடுக்கிவிட்டால், எந்தப் பூ எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முதலில் காலம் உறுதியாகத் தெரிந்த கட்டடங்கள் வேண்டும். மாமல்லபுரம், ராஜசிம்மன் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயில், ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மதுரைப் புதுமண்டபம். இப்படிப்பட்டவற்றைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே உறுப்பை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த உறுப்புகளின் பெயர்களை அவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரவில்லை. அப்போது திருப்பணி செய்துகொண்டிருந்த தமிழ்ச் சிற்பிகளிடமே கேட்டார். போதிகை, பலகை, கூடு, நாகபந்தம் என்று அவர்கள் சொன்ன சொற்களையே புத்தகத்திலும் எழுதினார். அவருக்கு முன் எழுதிய வெளிநாட்டவர் பலர் கோயிலை வெளியே நின்று பார்த்து எடை போட்டார்கள். இவர் உளி பிடித்த கையிடம் பாடம் கேட்டார். வித்தியாசம் அங்கேதான்.

கிடைத்தவற்றை ஐந்து காலகட்டமாகப் பிரித்தார்:

• பல்லவர் பாணி: 600 முதல் 850 வரை
• சோழர் பாணி: 850 முதல் 1100 வரை
• பாண்டியர் பாணி: 1100 முதல் 1350 வரை
• விஜயநகரப் பாணி: 1350 முதல் 1600 வரை
• மதுரைப் பாணி: 1600க்குப் பிறகு

போதிகை: கல்லின் ஆதார் கார்டு

துப்ராய் அதிகம் நம்பியது போதிகையைத்தான். தூணுக்கு மேலே, உத்தரத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் கை நீட்டியது போல இருக்கும் கல்தான் போதிகை. மேலே இருந்து வரும் பாரத்தைத் தூணுக்குக் கொடுப்பது இதன் வேலை. கோயில் இடிந்தாலும் இந்தக் கனமான துண்டு உடையாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பல்லவர் காலத்தில் அதன் அடிப்பக்கம் வளைந்திருக்கும். அதில் அலை அலையாக வரிகள் ஓடும். நடுவே ஒரு பட்டை குறுக்காக வரும்.

சோழர் காலத்தில் வளைவு போய்விடும். சாய்வாக ஒரே வெட்டாக வெட்டியிருப்பார்கள். நடுவில் நாக்கு நீட்டியது போல ஒரு கட்டை மட்டும் முன்னே தள்ளி நிற்கும். அலங்காரமே இருக்காது. எளிமையாக இருக்கிறதே, அதனால் இதுதான் ரொம்பப் பழசு என்று நினைத்தால் தப்பு. இதைவிட அலங்காரமான பல்லவர் போதிகைதான் மூத்தது.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் அந்த நாக்கின் ஓரம் மழுங்கி, மொட்டு அரும்புவது போல வளையத் தொடங்கும். விஜயநகர காலத்தில் அது முழுத் தாமரை மொட்டாகிக் கீழே தொங்கும். 1600க்குப் பிறகு மொட்டு பெருத்து நீண்டு, வாழைப்பூ மாதிரி ஆகிவிடும்.

அலை, சாய்வெட்டு, அரும்பு, தாமரை மொட்டு, வாழைப்பூ. இந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கூடு: கூரை விளிம்பில் குதிரை லாடம் போல வளைந்திருக்கும் சின்ன அலங்காரம். பல்லவர் கூட்டின் உச்சி மண்வாரியின் தலை போலத் தட்டையாக விரிந்திருக்கும், உள்ளே ஒரு கந்தர்வன் முகம் எட்டிப் பார்க்கும். சோழர் காலத்தில் அந்த உச்சியில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துவிடும்.

பலகை: தூணின் தலைப்பகுதியில் போதிகைக்குக் கீழே இருக்கும் சதுரக் கல். பல்லவர் காலத்தில் தடிமன். சோழர் காலத்தில் மெல்லியதாகவும் அகலமாகவும் மாறும்.

நாகபந்தம்: தூணின் சதுரப் பகுதி எண்கோணமாக மாறும் மூலையில், படமெடுத்த பாம்பு போல வரும் முனை. பல்லவர், முற்காலச் சோழர் தூண்களில் இருக்காது. பிறகு சின்னதாக ஆரம்பித்து, விஜயநகர காலத்தில் நன்றாகத் தூக்கி நிற்கும்.

தூண்: கீழேயும் மேலேயும் சதுரம், நடுவில் மட்டும் எண்பட்டை, வேறு அலங்காரம் குறைவு என்றால் மகேந்திரவர்மன் காலக் குடைவரைப் பாணியை நினைக்கலாம். தூணின் அடியில் சிங்கம் இருந்தால் அவனுக்குப் பிந்தைய பல்லவர் பாணி, குறிப்பாக ராஜசிம்மன் காலம்.

ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இரண்டு மூன்று அடையாளம் ஒரே காலத்தைக் காட்டினால்தான் நம்பலாம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எழுத்தில்லாத கல்லைப் படிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளை அடையாளம் கண்ட அத்திரம்பாக்கம் இங்கேதான் இருக்கிறது. அது மனிதன் உடைத்துச் செய்த கல். துப்ராய் படித்தது மனிதன் செதுக்கிய கல்.

அவருடைய அளவுகோலைச் சோதித்துப் பார்க்க நல்ல இடமும் இங்கேயே உண்டு. திருத்தணி என்றால் எல்லோரும் மலைமேல் முருகனைத்தான் நினைப்போம். அதே ஊரில் வீரட்டானேஸ்வரர் கோயில் என்று ஒரு சின்ன கருங்கல் கோயில் இருக்கிறது. பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாட வடிவம். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கட்டியது. அபராஜிதனைச் சோழன் முதலாம் ஆதித்தன் தோற்கடித்ததோடு தொண்டை மண்டலம் சோழர் கைக்குப் போய்விட்டது. அதாவது பல்லவர் பாணி முடிந்து சோழர் பாணி தொடங்கும் வாசலில் இந்தக் கோயில் நிற்கிறது. காலம் தெரிந்த இப்படிப்பட்ட கோயில்கள்தான் முழு அளவுகோலையும் தாங்கும் ஆணிகள்.

மாவட்டத்தின் இன்னொரு ஓரத்தில் பழவேற்காடு. அங்கே 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களில் எழுத்தும் உருவமும் நுணுக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆக, இந்தப் பக்கம் மண்ணில் கிடைக்கும் செதுக்கிய கல் எல்லாமே கோயில் கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

அடுத்தடுத்து என்ன செய்தார்?

1916, 1918 ஆண்டுகளில் பல்லவர் சின்னங்கள் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். 1920ல் தக்காணத்தின் பழைய வரலாறு பற்றிய அவருடைய நூல் வந்தது. டி.ஏ.கோபிநாத ராவ் கவனித்துச் சொன்ன சித்தன்னவாசல் ஓவியங்களை வெளியுலகின் பார்வைக்குக் கொண்டுபோனதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1931ல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சின்னச் சின்ன மாடங்களில், பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் கால ஓவியங்களை வெளிக்கொண்டுவந்தார்.

1937ல் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் பார்த்து, ரோமானியர்களோடு வணிகம் நடந்த பழைய ஊர் இது என்று புரிந்துகொண்டார். 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து அதை உலகம் முழுக்கத் தெரியவைத்தார். அதே 1945ல் துப்ராய் காலமானார்.

சரி, சர்ச்சை என்ன?

1926ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே வருஷத்தில் அவர் வாழ்க்கையின் இரண்டு பக்கமும் தெரிகிறது.

ஆந்திராவின் குண்டூர் பகுதியில் கோலி என்ற கிராமத்தில் பௌத்தத் தூபி ஒன்றின் சிற்பங்களை அடையாளம் கண்டார். அவற்றில் பெரும்பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1929ல் டி.என்.ராமச்சந்திரன் அவை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இன்றும் அந்தச் சிற்பங்களுக்கு ஒரு ஊர் பெயர் இருக்கிறது.

அதே காலத்தில் காஞ்சிபுரம் வட்டாரத்தில், சுமார் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினி சிற்பங்கள் அவர் கண்ணில் பட்டன. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான, உட்கார்ந்த நிலையில் இருக்கும் அருமையான பெண் தெய்வ உருவங்கள். இவை பாரிஸில் கடை வைத்திருந்த பிரபல கலைப்பொருள் வணிகர் சி.டி.லூவிடம் போயின. கண்டெடுத்து அனுப்பியவர் துப்ராய்.

லூ அவற்றைத் தனித்தனியாக விற்றார். இன்று வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபோலிஸ், டொராண்டோ என்று ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே கோயிலில் அக்கா தங்கைகள் போல இருந்தவை, இன்று ஒன்றை ஒன்று பார்க்க முடியாத தூரத்தில் இருக்கின்றன.

சட்டம் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வந்ததே 1947ல்தான். அதற்கு முன் பெரிய அதிகாரிகளும் வணிகர்களும் சிற்பங்களைக் கப்பலில் ஏற்றுவது சாதாரணமாக நடந்தது. அதைச் சொல்லி அவர் செய்ததைச் சரி என்று ஆக்கிவிட முடியாது. கல்லின் மதிப்பு மற்ற எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதனால் என்ன இழப்பு?

இங்கேதான் துப்ராயின் முறைக்கு இருக்கும் எல்லை தெரிகிறது. யோகினிகளின் நகை, கிரீடம், முகம் எல்லாவற்றையும் பார்த்து வல்லுநர்கள் நூற்றாண்டைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அவை எந்தக் கோயிலில் இருந்தன, அந்தக் கோயிலைக் கட்டியது யார், அங்கே யார் வந்து கும்பிட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கற்கள் இன்றுவரை உறுதியான பதில் சொல்லவில்லை. பாணி வயதைச் சொல்லும், முகவரியைச் சொல்லாது. முகவரி, கல் கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. கூடவே கிடந்த செங்கல், பானை ஓடு, அடித்தளம், பக்கத்தில் புதைந்திருக்கும் அடுத்த துண்டு எல்லாம் சேர்ந்துதான் முகவரி.

துப்ராய் முறை இன்றும் செல்லுமா?

அடிப்படை இன்றும் அதுதான். ஆனால் நிறையத் திருத்தங்கள் வந்துவிட்டன. 1100 முதல் 1350 வரையிலான காலத்தைப் பாண்டியர் பாணி என்று அவர் சொன்னதை இன்று பலர் ஏற்பதில்லை. அதில் பெரும்பகுதி சோழர் ஆட்சி நடந்த காலம் என்பதால், பிற்காலச் சோழர் பாணி என்றே பிரித்துச் சொல்கிறார்கள். எஸ்.ஆர்.பாலசுப்ரமணியம், கே.ஆர்.சீனிவாசன் போன்றவர்கள் கோயில் கோயிலாகப் போய் இன்னும் நுட்பமாகக் காலம் கணித்தார்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தலைநகரில் வந்த புதுப் பாணி தூரத்துக் கிராமத்துக்கு வந்து சேரத் தாமதமாகும். இரண்டு, பழைய கல்லைப் புதுக் கட்டடத்தில் வைத்துக் கட்டுவது நம் ஊரில் சகஜம். மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த தூண் ஒன்று, பிற்காலக் கட்டுமானங்கள் நிறைந்த காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில்தான் கிடைத்தது. ஒரு கல்லின் வயது வேறு, அது நிற்கும் மண்டபத்தின் வயது வேறு.

உங்கள் ஊரில் செதுக்கிய கல் கிடைத்தால் என்ன செய்யணும்?

1. முதலில் நகர்த்தாதீர்கள். ஜேசிபி வேலை நடந்தால் அந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

2. கல் கிடந்தபடியே போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது பேனா வைத்தால் அளவு புரியும். நான்கு பக்கமும், முடிந்தால் அடிப்பக்கமும் எடுங்கள். போனில் லொகேஷனைப் பதிவு செய்யுங்கள்.

3. ஆசிட், கம்பி பிரஷ், பெயின்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். மணல் வீச்சில் சுத்தம் செய்தால் உளி வரியே போய்விடும். அந்த வரியில்தான் வயது இருக்கிறது.

4. கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியருக்குத் தகவல் சொல்லுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்கலாம். கோயில் வளாகம் என்றால் அறநிலையத் துறைக்கும் சொல்ல வேண்டும்.

5. விலை பேச யாராவது வந்தால் உஷார். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி.

துப்ராய்க்கு முன் எழுத்தில்லாத கல் ஊமை. அவருக்குப் பின் அதன் வயதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது எந்த ஊர்க் கல் என்பதைக் காப்பாற்றுவது, அதை முதலில் மண்ணில் பார்க்கும் ஆள் கையில்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அது ஜேசிபி ஓட்டுநராக இருக்கலாம், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவாகவும் இருக்கலாம்.